லோடர் சிலிண்டரில் ஆயில் கசிகிறதா? சீல் வாங்கப் போகும் முன் படியுங்கள்

ஒரே சிலிண்டருக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை சீல், அதாவது ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையம், மாற்றியவன் நான். பர்மாவில் பெகு பக்கம் எங்கள் அரிசி மில்லில் ஓடும் டிராக்டர் அது. முன்னால் லோடர் பூட்டியிருக்கிறோம். உமி, மணல், சாம்பல் என்று எது கிடந்தாலும் அள்ளும். இடது பக்கத் தூக்கும் சிலிண்டரில் ஆயில் சொட்ட ஆரம்பித்ததும் கழற்றினேன், சீல் போட்டேன், பூட்டினேன். மூன்று வாரம் தாங்கியது. மறுபடி சொட்டு. கடைக்காரர் மட்டமான சீலைத் தலையில் கட்டிவிட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இரண்டாவது செட் போட்டேன். அதுவும் போனது. மூன்றாவதும் போன பிறகு, சிலிண்டருக்குள் போய் வரும் தண்டான ராடைத் தோளில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் சீலைக் கையில்கூட வாங்கவில்லை. “பின் புஷ்ஷைப் பார்த்தியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. சிலிண்டரை லோடரோடு பிணைக்கும் பின் உட்காரும் உலோக வளையம்தான் புஷ். அது முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. பாரம் ஏறும்போதெல்லாம் ராடு பக்கவாட்டில் சாய்ந்து சீலின் ஒரு ஓரத்தை மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது. புதுப் புஷ் அடித்து நான்காவது சீல் போட்டேன். அது இன்றைக்கும் ஓடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் சீல் மாற்றும் வேலையோடு, பழைய சீல் ஏன் போனது என்று துப்பறியும் வேலையும் கலந்தே வரும். நேராகச் சீலுக்குத் தாவ நினைப்பவர்கள் என்னைப் போல மூன்று செட் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது

எங்கள் பக்கம் மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. மோல்மீன், தட்டோன் பக்கம் இன்னும் மோசம். மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சேறும் ஈரமும் நிறைந்த இடத்தில் சிலிண்டரைத் திறப்பது வீண்வேலை. மார்ச்சிலேயே சொட்டு தெரிந்தால் மார்ச்சிலேயே செய்துவிடுங்கள். ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் நம் சித்திரைப் பிறப்பும் சேர்ந்து வரும். அப்போது ரங்கூனில் உதிரிபாகக் கடைகளும் லேத் பட்டறைகளும் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும். பிரித்துப் போட்ட சிலிண்டரோடு அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டால் வண்டி சும்மா நிற்க வேண்டியதுதான்.

கசிவு எங்கிருந்து வருகிறது

“ஸீ யோ நே தெ” என்று மில் பையன் ஓடி வருவான். ஆயில் ஒழுகுகிறதாம். சரி, எங்கே ஒழுகுகிறது? அதற்குப் பதில் இருக்காது. சிலிண்டர் முழுக்க ஆயிலும் தூசியும் அப்பியிருக்கும்போது யாருக்கும் தெரியாதுதான்.

முதலில் சிலிண்டரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, துணியால் ஒற்றி, காய விடுங்கள். அப்புறம் முகப் பவுடரைக் கொஞ்சம் தூவுங்கள். இஞ்சினை ஓட்டி லோடரை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆயில் வந்த வழி பவுடரில் கோடு போட்டதுபோல் தெரியும். வீட்டில் முகத்தில் பூசும் மரப்பட்டை தனாகா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைத் தூளாக்கியும் தூவலாம். வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுத் தூவுங்கள்.

ராடைச் சுற்றி வளையமாக ஈரம் இருந்தால் ராடு சீல் போயிருக்கிறது. ராடு காய்ந்திருக்க, மூடியாக இருக்கும் கிளாண்டும் வெளிக்குழாயான பேரலும் சேரும் விளிம்பில் ஈரம் இருந்தால் உள்ளே உள்ள ஓ-ரிங் போயிருக்கிறது. ஹோஸ் சேரும் இடத்தில் ஈரம் என்றால் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். வாஷர் மாற்றினால் முடிந்தது. பேரலில் வெல்டிங் கோட்டில் ஊறினால் அது லேத் பட்டறை வேலை. மேலே மேலே வெல்டிங் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். சூட்டில் பேரல் உள்ளே கோணும்.

ராடின் மேல் கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது நோய் இல்லை. அது இருக்கத்தான் வேண்டும். சீல் அதில்தான் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சொட்டாகத் திரண்டு விழுந்தால்தான் வேலை.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் லோடர் தானாக இறங்குகிறது

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லோடர் தானாக இறங்கினால் ‘பிஸ்டன் சீல் போச்சு’ என்று எல்லாச் சயாக்களும் (மெக்கானிக்குகளும்) ஒரே குரலில் சொல்வார்கள். பாதி நேரம் அது தவறு. தூக்கும் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ராடின் உள்நுனியில் உள்ள பிஸ்டன் சிலிண்டரை இரண்டு அறையாகப் பிரிக்கிறது: அடிப்பக்கம் கீழ் அறை, ராடு இருக்கும் பக்கம் மேல் அறை. பாரம் ராடை உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் சீல் கிழிந்திருந்தால் கீழ் அறையின் ஆயில் மேல் அறைக்குப் போகப் பார்க்கும். ஆனால் ராடு உள்ளே வர வர அது அடைக்கும் இடமும் கூடுகிறது. மேல் அறையில் ராடு இருப்பதால் அங்கே அவ்வளவு ஆயிலுக்கு இடம் கிடையாது. மிச்ச ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறினால்தான் லோடர் இறங்க முடியும். வெளியேறும் ஒரே வழி, லீவரால் இயக்கும் கன்ட்ரோல் வால்வு. வால்வு இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் சீல் இல்லாவிட்டாலும் உள்ளே அழுத்தம் ஏறி, லோடர் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆக, தூக்கும் கை தானாக இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் வால்வின் மேல். பிஸ்டன் சீலும் சேர்ந்து போயிருந்தால் அழுத்தம் கூடி வால்வின் கசிவு இன்னும் வேகமாகும், அவ்வளவுதான்.

முன்னால் அள்ளும் தொட்டிதான் பக்கெட். அதை ஆட்டும் சிலிண்டரில் கதை தலைகீழ். பெரும்பாலான டிராக்டர் லோடர்களில் ராடு நீண்டால் பக்கெட் கவிழும். பக்கெட்டில் உள்ள பாரம் ராடை வெளியே இழுக்கிறது. பிஸ்டன் சீல் கிழிந்திருந்தால் மேல் அறை ஆயில் கீழ் அறைக்குப் போய்விடும், அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கெட் மெல்ல மெல்லக் குனியும். பக்கெட் மட்டும் குனிந்தால் பிஸ்டன் சீலைச் சந்தேகப்படுங்கள்.

பக்கெட் சிலிண்டரைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. லோடரைத் தரையில் இறக்கி, பக்கெட்டை முழுக்கப் பின்னால் சுருட்டி, இஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸின் வாயை உலோக பிளக்கால் இறுக்கமாக மூடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயில் ஒரு சிறு ஹோஸைப் பூட்டி, நுனியை வாளிக்குள் விடுங்கள். ஆட்களை விலக்கிவிட்டு, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பக்கெட்டைச் சுருட்டும் பக்கம் லீவரைச் சில நொடி மட்டும் பிடியுங்கள். பக்கெட் ஏற்கெனவே சுருண்டிருப்பதால் பிஸ்டன் நகராது. அப்படியும் வாளியில் ஆயில் விடாமல் ஓடினால் அது பிஸ்டனைத் தாண்டித்தான் வருகிறது. இரண்டு பக்கெட் சிலிண்டர் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கைக்கும் காலுக்கும்

இந்த லோடர்களில் அழுத்தம் சுமார் 150 முதல் 200 பார் வரை இருக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் 170 பார் அழுத்தம் என்றால் கிட்டத்தட்ட 3.4 டன் தள்ளு விசை. அந்த அழுத்தத்தில் ஹோஸில் ஊசித் துளை விழுந்தால் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி, ‘அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விட்டது’ என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

தூக்கி நிற்கும் லோடரின் கீழே ஆயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கைலி கட்டிக்கொண்டும் இந்த வேலை வேண்டாம். எங்கள் ஊரில் கல்யாணமானாலும் கடைவீதியானாலும் கைலிதான். ஆனால் ஓடும் இஞ்சினுக்குப் பக்கத்தில் அது போய்ச் சிக்கும். அன்றைக்கு மட்டும் கால்சட்டை.

கழற்றுவது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தட்டையாகத் தரையில் படும்படி இறக்குங்கள். பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லீவரை எல்லாப் பக்கமும் பலமுறை ஆட்டுங்கள். லோடரைத் தரையோடு தானாக ஏறி இறங்க விடும் ஃபுளோட் நிலை இருந்தால் அதிலும் வையுங்கள். இதற்குப் பிறகும் ஹோஸ் நட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் கால் திருப்பு திருப்பி, ஆயில் மெல்ல ஊறி அடங்கும்வரை காத்திருங்கள்.

எந்த ஹோஸ் எந்த வாய் என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸுக்கு வண்ண டேப் சுற்றினால் இன்னும் நல்லது. கழற்றிய வாய்களைப் பிளாஸ்டிக் மூடியாலோ சுத்தமான பையைக் கட்டியோ அடையுங்கள். துணியைத் திணிக்காதீர்கள். நூல் பிசிறு உள்ளே போனால் அடுத்து வால்வைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பின்னைப் பூட்டியிருக்கும் போல்ட்டையோ வளையக் கிளிப்பான சர்க்லிப்பையோ எடுத்துவிட்டுப் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் பின்னின் தலை பூப்போல விரிந்து துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வரவில்லை என்றால் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்து பின்னின் மேல் உள்ள பாரத்தை எடுத்துவிட்டு, துருப் பிடித்த இடத்தில் டீசல் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

பின் கையில் வந்ததும் உடனே அதைப் புஷ்ஷில் திரும்பப் போட்டு ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்து ஆடினால் என் மூன்று செட் சீலின் கதை உங்களுக்கும் நடக்கும். புஷ்ஷுக்கு அப்போதே சொல்லிவிடுங்கள். கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வண்டியில் அது சேறு அடைத்து, பல மாதமாகக் கிரீஸ் உள்ளே போகவே இல்லை.

பிரிப்பது

மேசையைக் கழுவி, மேலே சுத்தமான தார்ப்பாய் விரியுங்கள். சிலிண்டரின் வெளிப்புறத்தை, முக்கியமாகக் கிளாண்டைச் சுற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷ் குரோம் ராடில் படக்கூடாது. அப்புறம் சிலிண்டரின் இரண்டு வாயையும் வாளிப் பக்கம் திருப்பி, ராடைக் கையால் மெல்ல இழுத்துத் தள்ளி ஆயிலை வடியுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் அது வேலிக் கம்பத்துக்குக் கரையானுக்காகப் பூசப் போகிறது.

கிளாண்ட் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. வெளியே பள்ளம் வெட்டிய வளையம்போல் இருந்தால் திருகு வகை. கொக்கி ஸ்பேனர் வேண்டும். முகத்தில் இரண்டோ நாலோ துளை மட்டும் இருந்தால் அதுவும் திருகுதான். அதற்கு இரண்டு முள் உள்ள ஸ்பேனர். லேத்காரர் பட்டை இரும்பில் அரைமணியில் செய்து தருவார். உளி வைத்து அடித்துத் திருப்பும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வரும், மறுக்கவில்லை. ஆனால் கிளாண்டின் விளிம்பு நசுங்கி, அடுத்த முறை எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

பேரலின் பக்கத்தில் நீள்வட்டப் பிளவு தெரிந்தால் அது கம்பி வகை. கிளாண்டைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் கம்பி அந்தப் பிளவு வழியே நுனி காட்டி வெளியே வரும். இந்த வகையைத் திருகு என்று நினைத்துப் பெரிய பைப் போட்டு நெம்பியவர்கள் உண்டு. சர்க்லிப் வகையில் கிளாண்டைக் கொஞ்சம் உள்ளே தட்டினால்தான் கிளிப் விடுபடும். வெளியே நாலு நீள போல்ட் தெரிந்தால் அது பிரிக்கச் சுலபமானது. கிளாண்டையே பேரலோடு வெல்டிங் செய்த சிலிண்டரும் உண்டு. அதை லேத்தில் வெட்டித்தான் திறக்க முடியும். அந்தச் செலவுக்குப் புதுச் சிலிண்டர் விலையையும் விசாரித்துவிடுங்கள்.

கிளாண்ட் கழன்றதும் ராடை நேராக வைத்து, வெளிப்பக்கம் இழுத்து இழுத்து அடித்தால் பிஸ்டன் கிளாண்டைத் தட்டித் தட்டி வெளியே தள்ளும். கம்ப்ரஸர் காற்றை ஹோஸ் மாட்டும் வாயில் வைத்து ஊதி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். செய்யவே செய்யாதீர்கள். பாதி வழியில் சிக்கி நிற்கும் பிஸ்டன் திடீரென்று விடுபட்டால் பீரங்கிக் குண்டுபோல் பறக்கும்.

அடுத்து பிஸ்டன் நட்டு. இது பயங்கர இறுக்கமாக இருக்கும், பசையும் போட்டிருப்பார்கள். ராடின் காது வளையத்துக்குள் தடித்த கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நீளமான கைப்பிடியால் நட்டைத் திருப்புங்கள். வைஸில் பிடிப்பதானால் காதைப் பிடியுங்கள். குரோம் ராடைப் பைப் ரெஞ்சால் தொட்டால் ராடு போச்சு. நட்டு அசையவே இல்லை என்றால் நட்டை மட்டும் சூடாக்கிப் பசையை இளக்கலாம். பிஸ்டனில் உள்ள நைலான் வளையங்கள் கருகும். அவற்றை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். ஆனால் அந்தப் புகை நச்சு. திறந்த இடத்தில், புகை உங்கள் பக்கம் வராதபடி நின்று செய்யுங்கள்.

சீல் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுக்கும்போதே படம் எடுங்கள். இரண்டு பக்கச் சிலிண்டருக்கும் வேலை இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் பிரிக்காதீர்கள். குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று முழுசாக இருக்கட்டும்.

பழைய சீலிடம் கேட்பது

பழைய சீலைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் புதுசுபோல் இருந்தால் ராடு சாய்ந்து ஓடியிருக்கிறது. புஷ், பின், கிளாண்டுக்குள் ராடை நேராக ஓட வைக்கும் கைடு வளையம், வளைந்த ராடு, இந்த நாலில் ஒன்று. சுற்றிலும் நீளவாக்கில் கீறல் இருந்தால் மண் புகுந்திருக்கிறது, அல்லது ராடில் கீறல் இருக்கிறது. சீல் கல்லுப்போல் இறுகி வெடித்திருந்தால் ஆயில் சூடாகியிருக்கிறது. ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று இருந்தால் யாரோ தப்பான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். விளிம்பு கருகியிருந்தால் போன தடவை காற்றை வெளியேற்றாமல் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். சிக்கிய காற்று அழுத்தத்தில் சூடாகி டீசல் இஞ்சினில் நடப்பதுபோல் எரியும்.

ராடின் மேல் நகத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கே தடுக்குகிறதோ அங்கே சீலும் கிழியும். சின்னத் துருத்தலாக இருந்தால் எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கி, 600, அப்புறம் 1000 எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து, ராடைச் சுற்றி வட்டமாகத் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஆயிலுக்குப் பாதை. குரோம் உரிந்து கீழே இரும்பு தெரிந்தால் எமரிக்கு வேலை இல்லை. குரோம் பூசிய புது ராடு வாங்கி, பழைய காதை வெட்டி அதில் பற்றவைத்து, நுனியில் மரை வெட்டித் தரும் லேத் பட்டறைகள் உண்டு.

எங்கள் நாட்டில் ராடைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். பக்கெட்டைக் கவிழ்த்த நிலையில், ராடு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டுப் போகிறோம். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. அதன் வழியே ஈரம் இறங்கி அடியில் துருப் பிடித்து மேல்பூச்சு கொப்புளம் வெடிக்கும். கடலோரமாக ரப்பர் தோட்டங்களில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

ராடு நேராக இருக்கிறதா என்று நல்ல இரும்பு ஸ்கேலை மேலே வைத்து, நாலு பக்கமும் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். பேரலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலான தேய்மானம் பரவாயில்லை. நகம் தடுக்கும் நீளக் கீறல் இருந்தால் உட்சுவரைத் தேய்த்துச் சமமாக்கும் ஹோன் போட வேண்டும், ஆழமாக இருந்தால் பேரலை மாற்ற வேண்டும்.

சீல் வாங்குவது

வண்டியின் மாடலும் சிலிண்டர் எண்ணும் சொன்னால் முழு செட்டாகக் கிடைக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது அளவெடுத்து வாங்க வேண்டும். பழைய சீலை அளக்காதீர்கள், அது ஊதியோ தேய்ந்தோ இருக்கும். வெர்னியர் அளவுகோலால் ராடின் விட்டம், சீல் உட்காரும் பள்ளத்தின் விட்டம், பள்ளத்தின் அகலம் என்ற மூன்றையும் எடுங்கள். பிஸ்டன் பக்கத்துக்குப் பேரலின் உள்விட்டம், பிஸ்டன் பள்ளத்தின் விட்டம், அகலம். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் அங்குலக் கணக்கு இருக்கும். 38.1 என்று வெர்னியர் காட்டினால் அது ஒன்றரை அங்குலம்; 38 மில்லிமீட்டர் சீலை அதில் திணிக்காதீர்கள்.

ராடுக்கும் பிஸ்டனுக்கும் பாலியூரிதேன் சீல் தேய்மானத்தைத் தாங்கும். ஓ-ரிங்குக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பர் போதும். விலை கூடிய விட்டான் ரப்பர் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், இந்த வேலையில் அந்த அளவு சூடு வராது என்று சொல்லிவிடுங்கள். சீலோடு வெளித் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீல், கைடு வளையம், ஓ-ரிங், அதன் பக்கத்தில் உட்காரும் பேக்கப் வளையம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ராடு சீலை மட்டும் மாற்றிப் பழைய டஸ்ட் சீலை விட்டுவைப்பது, வாசலைத் திறந்து வைத்துவிட்டு அலமாரிக்குப் பூட்டுப் போடுவதுபோல.

பூட்டுவது

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, காய விட்டு, சுத்தமான ஹைட்ராலிக் ஆயில் தடவுங்கள். பள்ளங்களின் மூலையில் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கும்; மரக்குச்சியால் சுரண்டுங்கள்.

ராடு சீல் யூ வடிவத்தில் இருக்கும். அதன் திறந்த வாய் ஆயில் பக்கம், அதாவது பேரலின் உட்புறம் பார்க்க வேண்டும். அழுத்தம் அந்த வாய்க்குள் புகுந்து உதட்டை விரித்து ராடோடு அழுத்தும், அதுதான் அது வேலை செய்யும் விதம். டஸ்ட் சீலின் உதடு வெளியே பார்க்கும். பேக்கப் வளையம் ஓ-ரிங்குக்கு அழுத்தம் வராத பக்கம் உட்காரும். இதைத் தலைகீழாகப் போட்டால் சீல் எவ்வளவு நல்லதானாலும் முதல் நாளே ஒழுகும். நான் ஒரு தடவை போட்டிருக்கிறேன். எடுத்த படத்தைப் பார்க்கச் சோம்பல்.

சீலை அவரை விதைபோல் உள்பக்கம் மடித்து, கிளாண்டுக்குள் விட்டு, பள்ளத்தில் விரலால் தட்டிவிடுங்கள். திருப்புளி வேண்டாம். விறைப்பாக இருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, துடைத்து, ஆயில் தடவி மடியுங்கள். பிஸ்டனில் வழுவழுப்பான பிளாஸ்டிக் வளையம் இருந்தால் அடியில் ஓ-ரிங்கைப் போட்டுவிட்டு, அந்த வளையத்தை மெல்ல விரித்து மாட்ட வேண்டும். விரிந்த வளையம் உடனே சுருங்காது. மேலே மெல்லிய தகடு சுற்றி ஹோஸ் கிளிப்பால் இறுக்கி ஒரு தேநீர் நேரம் விட்டால் பள்ளத்தில் அமரும்.

ராடின் நட்டு மாட்டும் நுனியில் உள்ள மரைக்கு டேப் சுற்றிவிட்டுத்தான் கிளாண்டை ஏற்ற வேண்டும். மரையின் கூர்மை புதுச் சீலைக் கத்திபோல் சீவும். முதலில் கிளாண்ட், அப்புறம் பிஸ்டன், அப்புறம் நட்டு. கிளாண்டை மறந்து பிஸ்டனை இறுக்கிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் கணக்கில்லை. நட்டின் மரையை ஆயில் இல்லாமல் துடைத்து, திருகுப் பசை போட்டு, வண்டியின் புத்தகத்தில் சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். இந்த நட்டு உள்ளே கழன்றால் ராடு பாரத்தோடு வெளியே வந்துவிடும். நைலான் பிடி உள்ள நட்டு என்றால் புதுசு போடுங்கள்.

பேரலின் வாயில் மரையோ ஹோஸ் துளையோ இருக்கும் இடத்தைப் பிஸ்டன் சீல் கடக்கும்போது கிழியும். தண்ணீர் பாட்டிலை வெட்டி அந்தப் பிளாஸ்டிக்கைக் குழாய்போல் சுருட்டிப் பேரல் வாய்க்குள் வைத்து, ஆயில் தடவி, அதன் வழியே பிஸ்டனைத் தள்ளுங்கள். நேராகத் தள்ளுங்கள். எங்கேயாவது இடித்தால் சுத்தியல் எடுக்காமல் வெளியே இழுத்து என்னவென்று பாருங்கள். கிளாண்டை முதலில் கையால் திருகிவிட்டு அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

வண்டியில் ஏற்றிய பிறகு

பின்களுக்குக் கிரீஸ் தடவிப் பூட்டி, ஹோஸ்களைப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். ஹோஸ் சேரும் இடத்துக்குப் புது வாஷரோ ஓ-ரிங்கோ போடுங்கள். வெள்ளை டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். பிசிறு கிழிந்து வால்வுக்குள் போய் அதில் நகரும் தண்டான ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும்.

இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பாரம் இல்லாமல், சிலிண்டரை ஐந்தாறு தடவை மிக மெதுவாக முழு நீளத்துக்கும் நீட்டிச் சுருக்குங்கள். முதல் சில தடவை கடைசி எல்லையில் அழுத்திப் பிடிக்காதீர்கள். லோடர் உதறுவதும் தாவுவதும் நின்றால் காற்று போய்விட்டது. இப்போது லோடரைத் தரைக்கு இறக்கி, எல்லாச் சிலிண்டரும் சுருங்கிய நிலையில் ஆயில் மட்டம் பாருங்கள். தூக்கிய நிலையில் பார்த்து ஊற்றினால் இறக்கும்போது வழியும். பல டிராக்டர்களில் கியர்பெட்டிக்கும் லோடருக்கும் ஒரே ஆயில்தான். கையில் கிடைத்த ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றாமல் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சீல் வேலையோடு ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான்.

பாரம் ஏற்றிப் பார்த்து, ராடைத் துடைத்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் ஈரம் கூடுதலாகத் தெரியும்; பூட்டும்போது தடவிய ஆயில் அது. 10 மணி நேரம் ஓடிய பிறகு பின் பூட்டும் போல்ட்டுகளையும் ஹோஸ் நட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்து, எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடியுங்கள். இரவு நிறுத்தும்போது பக்கெட் தரையில், ராடுகள் முடிந்தவரை உள்ளே. நீட்டித்தான் நிறுத்த வேண்டும் என்றால் வெளியே தெரியும் குரோம் முழுக்கக் கிரீஸ் பூசுங்கள், காலையில் இஞ்சினைத் தொடும் முன் அதைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் மில் பையன் இரண்டு நாள் மறந்தான். அப்புறம் டஸ்ட் சீலில் ஒட்டிய உமியை அவனையே உட்கார்ந்து எடுக்க வைத்தேன், இப்போது மறப்பதில்லை.